அப்பாவுக்கு இதயக் குழாய்ல 70 சதவீத அடைப்பு, ஸ்டென்ட் (குழாயை விரிச்சுப் பிடிக்கற கம்பிவலை) வைக்கச் சொல்றாங்க. எதை வச்சு முடிவு பண்றது?

ஒட்டன்சத்திரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு 63 வயசு. தக்காளி மண்டியில கணக்கு எழுதறார். சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, மெட்ஃபார்மின் போடறார். பீடி, சிகரெட் கிடையாது. தை மாசத்துல இருந்தே, வேகமா நடந்தாலோ மேட்டுல ஏறினாலோ நடு நெஞ்சு கனக்குது, இடது தோள் வரைக்கும் இழுக்குதுன்னு சொல்லிட்டு இருந்தார். நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல விட்டுருமாம். கேஸுன்னு முடிவு பண்ணி ஓமத்தண்ணி குடிச்சே ஓட்டிட்டார். பழனிக்குப் போனப்ப பாதிப் படியில வேர்த்து விறுவிறுத்து உக்காந்ததும்தான் அம்மா பயந்துபோய் எனக்கு ஃபோன் பண்ணாங்க. நான் இருக்கறது திருப்பூர்ல.

ஈ.சி.ஜி. நார்மல். எக்கோவுல பம்பிங் 60 சதவீதம், நல்லா இருக்குன்னாங்க. டிரெட்மில்ல ஓடவிட்டா ரெண்டாவது ஸ்டேஜ்லயே வலி வந்துருச்சு, ஈ.சி.ஜி.யும் மாறுச்சு, பாசிட்டிவ். மறுநாளே மணிக்கட்டு வழியா டியூப் விட்டு, மருந்து செலுத்தி இதயக் குழாயை எக்ஸ்ரேவுல பாக்கற ஆஞ்சியோ. இதயத்தோட முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோற எல்.ஏ.டி. குழாயோட நடுப்பகுதியில 70 சதவீதம், வலது பக்கக் குழாய்ல 40 சதவீதம்.

அப்பா இன்னும் டேபிள்ல படுத்திருக்கார், என்னை உள்ள கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டி, "இப்பவே ஸ்டென்ட் வச்சிரலாம், கையெழுத்து போடுங்க"ன்னார் டாக்டர். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. யோசிச்சுட்டு வர்றோம்னு சொல்லி டிஸ்சார்ஜ் வாங்கிட்டோம். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோபிரோலால், வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்க சார்பிட்ரேட், இவ்வளவும் எழுதிக் குடுத்திருக்காங்க.

மாமா சொல்றார், 70 தாண்டுனா வச்சே ஆகணும்னு. சித்தப்பா, எல்லாம் காசு புடுங்கற வேலைங்கறார். ரெண்டு பேருமே டாக்டர் இல்ல.

70னா ஸ்டென்ட் கட்டாயமா? முதல்லயே சி.டி. ஆஞ்சியோ எடுத்திருந்தா டியூப் விடாமலே முடிஞ்சிருக்குமா? தள்ளிப்போட்டா திடீர்னு அட்டாக் வந்துருமா? மூணாவதை நினைச்சாத்தான் தூக்கமே வரல.

கோவைப்புதூர்_மீனா:

சி.டி. பத்தி மட்டும் சொல்றேங்க. எங்க அம்மாவுக்குப் போன வருஷம் எடுத்தோம். டியூப் கிடையாது, கையில ஊசி போட்டு மருந்து ஏத்தி ஸ்கேன், அவ்வளவுதான்னு நினைச்சுத்தான் போனோம். அங்க போனா அம்மாவுக்கு நாடித்துடிப்பு 88. அறுபது பக்கம் வந்தாத்தான் படம் ஆடாம விழும்னு மெட்டோபிரோலால் குடுத்து உக்கார வச்சுட்டாங்க. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினின் ரிப்போர்ட் இல்லாம உள்ளயே விடலை. நாக்குக்கு அடியில மருந்து வச்சாங்க, குழாய் விரிஞ்சு குடுக்கறதுக்காம். மருந்து ஏறுனதும் அம்மா, "ஐயோ, துணியிலயே போயிட்டேன் போலயே"ன்னு பதறிட்டாங்க. ஒண்ணுமில்ல, அந்த மருந்து ஏறுனா அடிவயிறு அப்படித்தான் சூடாகும்னு நர்ஸ் அப்புறம் சொன்னாங்க. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

ரிப்போர்ட்ல, சுண்ணாம்புப் படிவு ஜாஸ்தி, அந்த இடத்துல எவ்வளவு அடைப்புன்னு உறுதியா சொல்ல முடியலன்னு எழுதிட்டாங்க. கடைசியில சாதா ஆஞ்சியோவும் எடுக்க வேண்டியதாப் போச்சு. வயசு கம்மியா இருந்து, சந்தேகத்தை விலக்கறதுக்குன்னா சி.டி. ரொம்ப நல்லது, எதுவும் இல்லைன்னு அது சொன்னா நம்பலாம்னு அந்த டாக்டரே சொன்னார். உங்க அப்பாவுக்கு இவ்வளவு தெளிவா வலி இருந்து, டிரெட்மில்லும் பாசிட்டிவ்னா நேரா ஆஞ்சியோ போனதுல பெரிய தப்பு இருக்கற மாதிரி எனக்குத் தெரியலங்க.

பழைய_பாக்கி:

சித்தப்பா சொல்றதுதாங்க நெசம். நூறு ரூபாய்க் கம்பியை லட்சத்துக்கு விக்கறாங்க. பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு காய்ச்சி ஆப்பிள் சிடர் வினிகர் கலந்து மூணு மாசம் குடிங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு 90 சதவீத அடைப்பு காணாமப் போயிருச்சு.

வைகைக்கரை:

தம்பி, நான் டாக்டர் இல்ல. மதுரைப் பக்கம் கேத் லேப்ல, அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் நடக்கற ரூம்ல, டெக்னீஷியன். டாக்டர் ஒயர் ஓட்டுவார், நான் மானிட்டர் முன்னாடி உக்காந்து பிரஷர் லைனையும் ஈ.சி.ஜி.யையும் பாத்துட்டு நம்பர் சொல்றவன். மெஷின் எதைக் காட்டும், எதைக் காட்டாதுங்கறது வரைக்கும் நம்பிக் கேளுங்க. மாத்திரையைக் கூட்டறது குறைக்கறதுக்கு உங்க டாக்டர்தான்.

முதல்ல உங்க மூணாவது கேள்வி. ரெண்டு சமாச்சாரத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஹார்ட் அட்டாக்ல வர்றவருக்குக் குழாய்ச் சுவர்ல இருக்கற கொழுப்புப் படிவு வெடிச்சு, அது மேல ரத்தம் உறைஞ்சு, வழி மொத்தமா அடைஞ்சு கிடக்கும். அங்க நிமிஷக் கணக்குத்தான். வாசலை மிதிச்சதுல இருந்து 90 நிமிஷத்துக்குள்ள அடைப்பைத் திறந்தாகணும்னு ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடுவோம். அங்க ஸ்டென்ட் உயிரைக் காப்பாத்துது, மறுபேச்சே கிடையாது. உங்க அப்பாவுக்கு இருக்கறது அது இல்ல. நடந்தா வலி, நின்னா போயிருது, மாசக்கணக்கா ஒரே மாதிரி. இதுக்கு ஸ்டென்ட் வச்சா நடக்கறப்ப வலி குறையும். பின்னாடி அட்டாக் வராம அது தடுக்குமான்னா, அங்கதான் ஆராய்ச்சி வேற சொல்லுது.

இஸ்கீமியான்னு ஒரு பெரிய ஆய்வு. 5,179 பேர், 37 நாடு, இந்தியாவும் உண்டு. ரிசல்ட் 2019 நவம்பர்ல வந்துச்சு. உங்க அப்பா மாதிரி நிலையான வலிக்காரங்க, டெஸ்ட்ல மிதமாவோ அதிகமாவோ ரத்தக்குறை தெரிஞ்சவங்க. பாதிப் பேருக்கு உடனே ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் இல்லன்னா பைபாஸ். மீதிப் பேருக்கு மாத்திரையை ஒழுங்கா குடுத்துட்டு, வலி அடங்கலைன்னா மட்டும் ஆஞ்சியோ. சாவுலயும் அட்டாக்லயும் மொத்தக் கணக்குல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. வலி குறைஞ்சதுல மட்டும் முதல் கூட்டத்துக்கு நல்ல லாபம். அந்த ஆய்வுல சேர்க்காம விட்டவங்களையும் சொல்லிடறேன்: இடது பக்கத் தாய்க்குழாய்ல அடைப்பு இருக்கறவங்க, பம்பிங் ரொம்பக் குறைஞ்சவங்க, மாத்திரைக்கு அடங்காத வலிக்காரங்க. உங்க அப்பாவுக்குத் தாய்க்குழாய் பத்தி ரிப்போர்ட்ல "லெஃப்ட் மெயின் நார்மல்"னு ஒரு வரி இருக்கணும். எடுத்துப் பாருங்க.

அட்டாக்கைக் குடுக்கற படிவு 70, 80ன்னு இறுகினதாத்தான் இருக்கணும்னு இல்ல. 40 சதவீதத்துல மெத்துனு கிடக்கறதும் வெடிக்கும். ஸ்டென்ட் மூடறது ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர். மீதிக் குழாய் பூராவையும் பாத்துக்கறது அந்த அடோர்வாஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சுகர் கட்டுப்பாடும்தான். ஸ்டென்ட் வச்சாச்சுன்னு அந்த மாத்திரையை நிறுத்திட்டு வந்து நிக்கறவங்களைப் பாத்தா எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே கிடையாது.

இப்ப 70க்கு வர்றேன். அது எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிரும். ஆஞ்சியோல நீங்க ஸ்கிரீன்ல பாத்தது குழாய் இல்ல, குழாய்க்குள்ள ஓடுன மருந்தோட எக்ஸ்ரே நிழல். வெயில்ல விழற நிழலை வச்சு ஆள் எவ்வளவு தடிமன்னு சொல்ற மாதிரிதான். அதனாலதான் கேமரா கையை அப்படியும் இப்படியும் திருப்பி நாலஞ்சு கோணத்துல எடுக்கறோம். அதுல குறுகின இடத்தைப் பக்கத்துல "நல்லா இருக்கற" இடத்தோட ஒப்பிட்டு, பெரும்பாலும் கண்ணாலயே பாத்து 70ன்னு சொல்றாங்க. ஒரே படத்துக்கு ஒருத்தர் 60ம்பார், அடுத்தவர் 75ம்பார். சுகர்காரங்களுக்கு இன்னொரு வம்பு: பக்கத்துல இருக்கற "நல்ல" இடமே மெலிஞ்சு போயிருக்கும், அதோட ஒப்பிட்டா உண்மையான அடைப்பு கம்மியாத் தெரியும். அடைப்போட நீளமும் இருக்கு. குட்டையா 70 இருக்கறதைவிட நீளமா 60 இருக்கறது ரத்தத்தை அதிகமா மறிக்கலாம்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி, அந்த இடத்தைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகுதா இல்லையாங்கறது. அதை அளக்கத்தான் எஃப்.எஃப்.ஆர்.ங்கற பிரஷர் ஒயர் டெஸ்ட் இருக்கு. நான் தினம் கையில பிடிக்கற விஷயம், அதனால விவரமாவே சொல்றேன்.

ஒயரோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு. நுனிப்பக்கம் பிரஷர் சென்சார். அடைப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி, குழாய் வாயிலயே நிறுத்தி, மகாதமனி பிரஷரையும் ஒயர் பிரஷரையும் ஒண்ணாக்குவோம். ஸ்கிரீன்ல ரெண்டு கலர்ல ரெண்டு கோடு, ஒண்ணு மேல ஒண்ணு படியணும். இதைச் சரியா பண்ணலைன்னா பின்னாடி வர்ற நம்பர் எல்லாம் குப்பை. அப்புறம் டாக்டர் ஒயரை அடைப்பைத் தாண்டி இறக்குவார். கோடு ரெண்டும் பிரிய ஆரம்பிக்கும். அடினோசின் மருந்தை ஏத்தி, நீங்க மேடேறறப்ப ரத்த ஓட்டம் கூடற மாதிரி கூட்டுவோம். அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷம் நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டற மாதிரி இருக்கும். நான் காதுகிட்ட குனிஞ்சு, "ஐயா, இப்ப நெஞ்சைப் புடிக்கும், நாங்க குடுத்த மருந்துதான், நிறுத்தினதும் போயிரும்"னு சொல்லிட்டுத்தான் ஏத்தவே விடுவேன். கீழ்க்கோடு இறங்கி ஒரு இடத்துல நிக்கும். மேல 100, கீழ 76ன்னா 0.76. 0.80ம் அதுக்குக் கீழயும்னா அந்த அடைப்பு ரத்தத்தை மறிக்குது, ஸ்டென்ட்டால பலன் இருக்கும். 0.80க்கு மேலன்னா மாத்திரையோட விட்டுரலாம். முடிஞ்சதும் ஒயரைத் திரும்ப வாய்க்கு இழுத்து, ரெண்டு கோடும் மறுபடி சேருதான்னு பாக்கணும். சேரலைன்னா மறுபடியும் முதல்ல இருந்து. ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. அடினோசின் இல்லாமலே அளக்கற ஐ.எஃப்.ஆர்.னு ஒண்ணு உண்டு, அதுக்கு வரம்பு 0.89.

ஃபேம்னு 2009ல வெளியான ஆய்வு, 1,005 பேர். அதுல அளந்து பாத்தப்ப, கண்ணுக்கு 50ல இருந்து 70 வரை தெரிஞ்ச அடைப்புகள்ல நிஜமா ரத்தத்தை மறிச்சது 35 சதவீதம்தான். 71ல இருந்து 90 வரைக்கும் தெரிஞ்சதுல 80 சதவீதம். உங்க அப்பாவோட 70 சரியா அந்த எல்லையில உக்காந்திருக்கு பாத்தீங்களா? டிரெட்மில் பாசிட்டிவ், வலியும் இருக்கு, எல்.ஏ.டி. வேற பெரிய குழாய். அளந்தா 0.80க்குக் கீழ வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு என் மனசு சொல்லுது. ஆனா மனசு சொல்றதுக்காக உலோகத்தை உள்ள வைக்கக் கூடாதுல்ல.

இது ஏதோ நேத்து வந்த வித்தைன்னு நினைக்காதீங்க. 1977 செப்டம்பர்ல ஜூரிச்ல குருண்ட்சிக், 38 வயசு ஆளுக்கு உலகத்துலயே முதல் தடவையா இதயக் குழாய்ல பலூன் ஊதினாரே, அவரே அடைப்புக்கு முன்னாடியும் தாண்டியும் பிரஷரை அளந்து பாத்துத்தான் பலூன் வேலை செஞ்சுதான்னு சொன்னார். நடுவுல நாமதான் நிழலைப் பாத்தாப் போதும்னு ஆக்கிட்டோம்.

டேபிள்ல வச்சு கையெழுத்து வாங்கற பழக்கம் எனக்குப் பிடிக்காது. டாக்டர் பக்கத்து நியாயமும் இருக்கு: இன்னொரு தடவை குத்த வேண்டாம், மருந்துச் செலவு மிச்சம். ஆனா அட்டாக் இல்லாத ஆளுக்கு, அடைப்பு இருந்தா என்ன பண்ணப் போறோம்னு உள்ள போறதுக்கு முன்னாடி வார்டுலயே பேசி முடிச்சிருக்கணும். நீங்க கூட்டிட்டு வந்ததுல தப்பே இல்ல.

பழைய பாக்கி அண்ணே, விலை விஷயத்துல உங்க கோவம் நியாயம். லட்சத்துக்கு மேல பில் போட்ட மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில மத்திய அரசு 29,600 ரூபாய்னு உச்சவரம்பு போட்டுச்சு. அதுக்கப்புறம் வரம்பை அப்பப்ப மாத்துறாங்க, ஆனா அந்தப் பழைய ஆட்டம் இல்ல. பூண்டுச் சாறைக் குடிங்க, ருசியாத்தான் இருக்கும். 90 காணாமப் போன ஆஞ்சியோ படம் பதிஞ்ச டிஸ்க்கை எனக்கு அனுப்பி வைங்க, முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது ரெண்டையும். எங்க டாக்டருங்ககிட்ட காட்டணும்.

ஒட்டன்சத்திரத்தான்:

அண்ணே, ரொம்ப நன்றி. ரிப்போர்ட்டைப் பாத்தேன், "லெஃப்ட் மெயின் நார்மல்" இருக்கு. நீங்க சொன்ன எஃப்.எஃப்.ஆர். பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. வேற ஒரு டாக்டர்கிட்ட ஆஞ்சியோ படம் பதிஞ்ச டிஸ்க்கைக் காட்டினேன். அளந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம், அடுத்த மாசம் முதல் வாரம் வாங்கன்னார். மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து அப்பாவுக்கு வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா மாடி ஏறுனா வருது.

அதுவரைக்கும் ஊர்ல அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். ராத்திரி வலி வந்தா என்ன பண்றது? முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கு, அதுல இதெல்லாம் வருமா? மெட்ஃபார்மினை நிறுத்தணுமா? இன்னொண்ணு, அவருக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தையாகி வலிக்குது. இதெல்லாம் முடியட்டும், பல்லை அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

காவிரிக்கரைக்_கணக்கன்:

காப்பீடு பத்தி நான் சொல்றேன். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், ஸ்டென்ட் அதுல வரும். சிகிச்சைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி அனுமதி வாங்கணும், அதுக்கு அங்கயே இந்தத் திட்டத்துக்குன்னு தனியா ஒருத்தர் உக்காந்திருப்பார். அட்டையை எடுத்துட்டு நீங்களே முன்னாடி போய் அவரைப் பாருங்க, அப்பாவை அலைய வைக்காதீங்க. பிரஷர் ஒயருக்குத் தனி பில் போடுவாங்களா, அது அட்டையில அடங்குமான்னு வாய் திறந்து கேட்டு, எழுதி வாங்கிக்குங்க. என் மச்சானுக்கு ஸ்டென்ட் அட்டையில போச்சு, வெளிய எழுதிக் குடுத்த சாமான்ல பணம் கரைஞ்சுது.

வைகைக்கரை:

ராத்திரி வலி வந்தா: உக்கார வச்சு, சார்பிட்ரேட் ஒண்ணு நாக்குக்கு அடியில. நிக்க வச்சுக் குடுக்காதீங்க, பிரஷர் இறங்கி விழுந்துருவார். அஞ்சு நிமிஷத்துல அடங்கலைன்னா, இல்ல உக்காந்திருக்கறப்பவே வந்துச்சுன்னா, வேர்த்துக் கொட்டுச்சுன்னா 108. பக்கத்து வீட்டுக்காரர் பைக்ல வேண்டாம். பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் எங்க இருக்கு, ராத்திரி யார் இருக்காங்கன்னு அம்மாவை இப்பவே விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க. 2023ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்கயே முதல் டோஸ் வச்சிருக்காங்க, ஆஸ்பிரின் 2, கிளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. அதைக் குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. ஏற்கெனவே என்னென்ன மாத்திரை போடறார்னு ஒரு சீட்டுல எழுதி அப்பா சட்டைப் பையில வைங்க.

வலி நிக்காம முன்னைவிட அடிக்கடி வந்துச்சுன்னா, கம்மியா நடந்தாலே வந்துச்சுன்னா அடுத்த மாசம்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. அப்ப நான் மேல சொன்ன "நிலையான வலி"க் கணக்கு செல்லாது.

மெட்ஃபார்மின்: கிட்னி எப்படி இருக்குங்கறதைப் பொறுத்தது. கிரியேட்டினின் சரியா இருந்தா சில இடத்துல நிறுத்தறதே இல்ல. சில இடத்துல அன்னைக்கு நிறுத்தி, 48 மணி நேரம் கழிச்சு ரத்தம் பாத்துட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. போன ஆஞ்சியோவுக்கு அப்புறம் கிரியேட்டினின் பாத்தீங்களா? இல்லைன்னா இப்ப பாத்துருங்க, அந்த டாக்டர் எப்படியும் கேப்பார்.

ஸ்டென்ட்தான்னு முடிவாச்சுன்னா ஒண்ணு கேளுங்க: வச்ச பிறகு உள்ள ஐவஸ் இல்லன்னா ஓ.சி.டி. வச்சுப் பாப்பீங்களான்னு. குழாய்க்குள்ள இருந்தே எடுக்கற படம். ஸ்டென்ட் முழுசா விரிஞ்சு சுவரோட ஒட்டியிருக்கான்னு நிழல்ல சரியாத் தெரியாது. ஓ.சி.டி.யில ஸ்டென்ட்டோட ஒவ்வொரு கம்பியும் தெரியும். சுண்ணாம்பு கெட்டியா இருந்து பலூன் விரியலைன்னா வைரத்தூள் பதிச்ச சின்ன முனையை நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்து சுத்தவிட்டு அரைக்கற ரோட்டாப்ளேஷன் இருக்கு. உங்க அப்பா ரிப்போர்ட்ல சுண்ணாம்பு பத்தி எதுவும் எழுதலைன்னா பெரும்பாலும் அதுக்குத் தேவை வராது, பயப்படாதீங்க.

கடைசியா அந்தப் பல்லு. தப்பு வரிசை தம்பி. ஸ்டென்ட் வச்சாச்சுன்னா ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் சேர்த்து ஆறு மாசம் பக்கம் போடணும், நடுவுல பல்லுக்காக ஒண்ணை நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறையற ஆபத்து இருக்கு. பல்லு புடுங்கறதா இருந்தா அதை முன்னாடி முடிங்க. இப்பவும் ரெண்டு மாத்திரையும் ஓடுது, அதனால நீங்களா எதையும் நிறுத்தாம, இதய டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டு எதைத் தொடரணும்னு கேட்டு, அந்தச் சீட்டோட பல் டாக்டர்கிட்ட இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. ரத்தம் நிக்கறதுக்குத் தையல் போட வேண்டி வரலாம்னு அவர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.